அடுத்த முறைக்குத் தள்ளுபடி

இலுப்பூர் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதலில் அழுகைச் சத்தம் கேட்கும், அடுத்ததாகச் செம்மல் வீட்டுப் போன் அடிக்கும். வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. உடம்பைக் கெடாமல் வைக்கும் ஃப்ரீசர் பாக்ஸ் இரண்டு, தகரப் பந்தல் ஒன்று, அடுக்கடுக்காக பிளாஸ்டிக் நாற்காலிகள், எல்லாவற்றையும் ஏற்றிப் போக ஒரு குட்டியானை வண்டி. இதுதான் செம்மலின் சொத்து. போனை எடுப்பது அவன் பெண்டாட்டி ரஞ்சிதா. யார் வீடு, எந்தத் தெரு, கரண்டு இருக்கிறதா என்பதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். வாடகை எவ்வளவு என்று அங்கிருந்தும் யாரும் கேட்டதில்லை. உடம்பு சுடுகாட்டுக்குப் போன பிறகு பங்காளிகளில் ஒருவர் வந்து செம்மலின் கையில் நோட்டைச் சுருட்டி வைப்பார். அதை அவன் அங்கே பிரித்துப் பார்த்ததே கிடையாது.

இந்தத் தொழிலுக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. வண்டி போகும்போது பாக்ஸ் வெளியே தெரியக் கூடாது, பச்சைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். சாவு வீட்டில் பேரம் ஆகாது, சிரிப்பு ஆகாது, பசிக்கிறது என்று சொல்வது ஆகவே ஆகாது. கிளம்பும்போது "வாரேன்" என்ற சொல் தப்பித் தவறியும் வாயில் வரக் கூடாது. பாக்ஸ்காரன் திரும்பி வருகிறேன் என்றால் அந்த வீட்டார் என்ன நினைப்பார்கள்? யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துவிட வேண்டும். இதெல்லாம் எந்தப் படிப்பிலும் இல்லை. ஆனால் செம்மல் ஒரு நாளும் தவறியதில்லை. அதனால்தான் ஊரில் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட அந்தச் செம்மலை முதன்முதலில் 'வல்லுநர்' என்று கூப்பிட்டது 'கைவசம்' என்கிற ஆப்தான். குழாய் ரிப்பேர் செய்கிறவர், கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போடுகிறவர், பாம்பு பிடிக்கிறவர், பாக்ஸ் வைத்திருக்கிறவர் எல்லாரும் அதில் வல்லுநர்கள். தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சட்டையை பேண்டுக்குள் திணித்த ஒரு தம்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். எல்லாமே இலவசம்தான் என்றான். காப்பி குடித்தான். ரஞ்சிதாவை அக்கா என்றான். என்ன தொழில் என்று பதிய வேண்டும் என்று கேட்டான்.

ரஞ்சிதா அன்று காலையில்தான் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, சாமி படத்துக்குப் பூ வைத்திருந்தாள். நல்ல நாளில் புதிதாக ஒன்று தொடங்கும்போது முதல் எழுத்தே 'சாவு' என்று விழுவதை அவளால் தாங்க முடியவில்லை.

"தம்பி, மொதல்ல பந்தல்னு போடுங்க. நாற்காலின்னு போடுங்க. இந்தப் பொட்டிய கடேசில ஓரமா எழுதிக்கலாம்" என்றாள்.

அவனுக்கென்ன வந்தது? 'விசேஷங்கள்' என்ற தலைப்பின் கீழ்ப் பதிந்துவிட்டான். போட்டோ கேட்டான். செம்மல் தனியாக நின்று எடுத்த படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மாரியம்மன் பூச்சொரிதலில் நெற்றி நிறையச் சந்தனமும், வாய் நிறையப் பல்லுமாக நின்ற படம். அதையே ஏற்றினான். "சூப்பர்ண்ணே, மங்களகரமா இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான், அதற்கப்புறம் அவனை யாரும் பார்க்கவில்லை.

இலவசம் பங்குனியோடு முடிந்தது. பிறகு புள்ளி என்று ஒன்று வந்தது. முன்கூட்டியே பணம் கட்டிப் புள்ளி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். யாருக்காவது பாக்ஸ் வேண்டுமென்றால் போனில் மணி அடிக்கும். புள்ளியைக் கொடுத்தால்தான் யார், எந்த ஊர் என்று தெரியும். அதே தகவலை மணப்பாறைக்காரனுக்கும் விராலிமலைக்காரனுக்கும் சேர்த்து விற்பார்கள். கிடைத்தால் உன் பாடு, கிடைக்காவிட்டாலும் உன் பாடு. புள்ளி போனது போனதுதான்.

வேண்டாம் என்று தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். ரஞ்சிதாவும் அதைத்தான் செய்யப் பார்த்தாள். அப்போதுதான் விஷயம் புரிந்தது. இப்போது யாரும் நம்பரை மனசில் வைத்துக்கொள்வதில்லை. 'செம்மல் பாக்ஸ் இலுப்பூர்' என்று போனில் தட்டுகிறார்கள். தட்டினால் முதலில் வந்து நிற்பது கைவசம் போட்டு வைத்திருக்கும் பக்கம். செம்மலின் பெயர், செம்மலின் படம், கீழே இருக்கிற நம்பர் மட்டும் அவர்களுடையது. செம்மல் வேண்டும் என்று பெயர் சொல்லித் தேடி வருகிறவர்களை மடக்கிப் பிடித்து, அந்தச் செம்மலிடமே விலைக்கு விற்றார்கள். ஒருவன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அந்த வீட்டுக்கு வருகிற விருந்தாளியிடம் சுங்கம் வாங்கினால் ஊர் என்ன பெயர் சொல்லும்? போனுக்குள் இருந்து செய்தால் அதற்குப் பெயர் வசதி.

வைகாசியில், தார் ரோடு உருகிச் செருப்பில் ஒட்டுகிற ஒரு மத்தியானம், ரஞ்சிதா பழைய சோற்றைப் பிழிந்து வைத்துக்கொண்டு நெத்திலிக் கருவாட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். கட்டுமாவடியிலிருந்து டிவிஎஸ்ஸில் வரும் கருவாட்டுக்காரர் காலையில்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மணி அடித்தது. 'புதிய வாய்ப்பு! உங்கள் அருகில் ஒரு வாடிக்கையாளர் காத்திருக்கிறார்' என்று வந்தது. எண்ணெய்க் கையோடு புள்ளியைக் கொடுத்தாள். பெயர் திறந்தது. ஐயனார், செங்கல் காளவாய், கீழக்களம்.

அவள் அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஐயனார் அவளுக்கு அண்ணன் முறை. இவர்கள் குடியிருக்கும் வீட்டுச் சுவர் அவர் காளவாய்ச் செங்கல்தான். காசு வரும்போது கொடு என்று சொல்லி, கேட்காமலே இறக்கிவிட்டுப் போன மனுஷர். அந்த வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்று போன் போட்டுக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. மகன் பாலாஜி. டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்கு இன்டர்வியூ போனவன், திருச்சி ரோட்டில் லாரியில் அடிபட்டுவிட்டான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற ஐயனாரின் தம்பி மகன் சந்தோஷ்தான் போனில் தட்டியிருக்கிறான். அழுகையில் அவனுக்கு என்ன தெரியும்? வீட்டுக்காரர் போன் நம்பரைக் கேட்டிருக்கிறது, பெரியப்பா நம்பரைக் கொடுத்துவிட்டான்.

அண்ணன் மகன் செத்த சேதியைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதாகிவிட்டதே என்று ரஞ்சிதா வண்டியில் போகும் வழியெல்லாம் அழுதாள்.

அங்கே இன்னொன்று காத்திருந்தது. வேலையைத் தொடங்கும்போது வாடிக்கையாளரின் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும். அதை வல்லுநர் கேட்டு வாங்கி ஆப்பில் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் ஆள் வரவில்லை என்று கணக்கு. முன்பு ஒரு சாவு வீட்டில் கேட்க வாய் வராமல் விட்டதற்கு அவர்களை ஒரு வாரம் முடக்கிப் போட்டிருந்தார்கள். ஐயனார் காளவாய்ச் சுவரோரம் மண்ணில் சாய்ந்து கிடந்தார். வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது, அதுகூட அவருக்கு உறைக்கவில்லை. உள்ளே அவர் மனைவி உண்ணாமலையை நாலு பெண்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். செம்மல் பாக்ஸை இறக்கி, வயரை இழுத்து, தண்ணீர் வடிய ட்யூபைப் பொருத்திவிட்டு, சந்தோஷின் காதோரம் குனிந்து எதையோ சொன்னான். சந்தோஷ் போய்ப் பெரியப்பாவின் சட்டைப் பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்தான். ஐயனார் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். ரஞ்சிதா அந்தப் பார்வையைத் தாங்க மாட்டாமல் பெண்கள் பக்கம் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் பால் தெளித்து முடிந்த மத்தியானம், சந்தோஷ் பைக்கில் வந்து இவர்கள் வீட்டு வாசலில் நின்றான். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. தண்ணீர் கொடுத்தாள், வாங்கவில்லை. பெரியப்பாவின் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். திரையில் செம்மல் சந்தனமும் பல்லுமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அதன் கீழே எழுதியிருந்தது:

'வணக்கம் ஐயனார்! உங்கள் விசேஷம் இனிதே நடந்ததா? உங்கள் வல்லுநர் செம்மலுக்கு நட்சத்திரங்களை அள்ளி வழங்குங்கள். மீண்டும் உங்கள் இல்லத்துக்கு வரக் காத்திருக்கிறேன். அடுத்த முறைக்கு இருபது சதவீதம் தள்ளுபடி. ஒரு மாதத்துக்குள் மட்டும்!'

ரஞ்சிதாவுக்கு எழுத்தெல்லாம் கலங்கியது. சந்தோஷ் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"பெரியப்பா ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாரு. எங்க வீட்ல இன்னும் யாரு சாகணும்னு கேக்கச் சொன்னாரு."

பதிலுக்கு அவன் நிற்கவில்லை.

அன்றைக்கு இரவு அந்த வீட்டில் உலை வைக்கவில்லை. செம்மலின் கோபம் பெண்டாட்டி மேல் திரும்பியது. நல்ல நாளாம், நல்ல வார்த்தையாம், பிணப்பெட்டியைக் கொண்டுபோய் விசேஷத்தில் எழுதச் சொன்ன மகராசி நீதானே என்று கேட்டான். பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற படத்தை எடுத்துக் கொடுத்த மகராசன் யாராம் என்று இவள் கேட்டாள். சண்டை போடவும் இரண்டு பேருக்கும் தெம்பில்லை. அவன் வெளியே போய் வண்டியின் தார்ப்பாயைப் பிரிப்பதும் கட்டுவதுமாக இருந்தான்.

மறுநாளைக்குள் அந்தச் செய்தி ஊரில் எல்லார் போனிலும் இருந்தது. டீக்கடையில் செம்மல் போய் நின்றால் பேச்சு நின்றது. சாவு வேணும்னு கும்பிட்டுக்கிட்டுத் திரியிறான் என்று முதுகுக்குப் பின்னால் யாரோ சொன்னது அவன் காதில் விழுந்தது. அடுத்தடுத்து இரண்டு சாவு, ஒன்று பக்கத்துத் தெருவில். இரண்டுக்கும் மணப்பாறையிலிருந்து பாக்ஸ் வந்தது. அந்த வண்டிக்காரன் தார்ப்பாய்கூடப் போடாமல், பாட்டை அலற விட்டுக்கொண்டு வந்தான். அவனுக்கு இல்லாத கெட்ட பெயர் செம்மலுக்கு வந்து சேர்ந்ததே என்று ரஞ்சிதாவுக்கு வயிறு எரிந்தது. வயிற்றுப்பாடுகூட அப்புறம். நாற்காலியைத் தூக்கிக் கல்யாணத்துக்குக் கொடுத்தாவது பிழைத்துக்கொள்ளலாம். இத்தனை வருஷம் ஒரு சொல் பிசகாமல் இருந்த மனுஷன் ஊரார் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறானே, அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

கைவசத்துக்குப் போன் போட்டாள். ஒரு பெண் தேன் மாதிரிப் பேசியது. பெயர் ஷர்லி என்றது. எந்த ஊரம்மா என்று கேட்டதற்கு, அதைச் சொல்லக் கூடாது மேம் என்றது. அந்தச் செய்தி எல்லாருக்கும் தானாகவே போகிறது, வாடிக்கையாளர்கள் ரொம்ப விரும்புகிறார்கள் என்றது. சரி தாயி, எங்கள் பெயரையும் படத்தையும் எடுத்துவிடு, எங்களுக்கு இது வேண்டாம் என்று ரஞ்சிதா கெஞ்சினாள். கணக்கை நிறுத்தி வைக்கலாம், பக்கத்தை எடுக்க முடியாது, அது பொதுமக்களின் தகவலுக்காக நிறுவனம் உருவாக்கியது என்று பதில் வந்தது. புருஷன் முகத்தை எடுக்கப் பெண்டாட்டிக்கு உரிமையில்லை. நல்லவேளை, புருஷனையாவது விட்டு வைத்தார்கள். அன்று சாயங்காலம் இன்னொரு செய்தி வந்தது. ஊர்க்காரர்கள் கோபத்தில் ஒற்றை நட்சத்திரமாகப் போட்டுத் தள்ளியதால் வல்லுநர் செம்மல் பின்னுக்குப் போய்விட்டாராம். கூடுதல் புள்ளி வாங்கினால் மறுபடி மேலே வரலாமாம்.

அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் ரஞ்சிதாவுக்கு அழுகை நின்று ஆங்காரம் வந்தது. ஐயனார் வீட்டுக் கருமாதி அன்று காலையில் குளித்துவிட்டு, வெளுத்த சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, வண்டியை எடு என்றாள்.

செம்மல் பதறிப் போனான். "பொட்டிக்காரன் கூப்பிடாம ஒரு வீட்டுக்குப் போறதா? செருப்பக் கழட்டி அடிப்பாங்கடி."

"அடிக்கட்டும். அடிச்சாலும் மூஞ்சியப் பாத்து அடிப்பாங்கள்ல. ஆளே தெரியாம அடி வாங்குறதுக்கு அது மேலு."

வெறும் வண்டிதான். அதன் பின்பக்கம் காலியாக இருக்கிறது என்று தெரியட்டும் என்று செம்மல் தார்ப்பாயைக் கழற்றிவிட்டு ஓட்டினான். தைல மரத்தோப்பு தாண்டி, செம்மண் தடத்தில் இறங்கும்போதே சமையல் வாசனை வந்தது. காளவாயில் வேலை இல்லை. அறுத்து வைத்த பச்சைக்கல் வரிசை வெயிலில் காய்ந்து கிடந்தது. சாமியானாவுக்குக் கீழே பந்தி ஒன்று முடிந்து எலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் வண்டியைக் கண்டதும் எல்லாரும் அப்படியே நின்றார்கள். ஒரு கிழவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். செம்மல் இறங்கவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். ரஞ்சிதா மட்டும் நடந்தாள்.

ஐயனார் தோளில் துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் அவருக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, எம்மேல தப்பு இருக்கு. மொத நாளு சாவுன்னு எழுத மனசு வராம, விசேஷத்துல போடச் சொன்னது நாந்தான். ஒங்க பையில கைய விட்டுப் போன எடுக்க வச்சதும் நாங்கதான். அதுக்கு என்ன செஞ்சாலும் வாங்கிக்கிறேன். ஆனா அந்த எழுத்து எழுதினது அவரு இல்லண்ணே. அவரு ஒரு சாவு வீட்ல போயிட்டு வாரேன்னு ஒரு நாளு சொன்னதில்ல. ஒங்களுக்கே தெரியும்."

"அவன் மூஞ்சி இருக்கே."

"மூஞ்சி அவரோடதுதான். அத வாங்கி வச்சுக்கிட்டு எழுதுறது வேற ஆளு."

"யாரு?"

"எனக்கும் தெரியலண்ணே. நான் கேட்டேன், சொல்ல மாட்டேங்குறாங்க. நீங்க கேளுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

ஐயனார் போனை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். முதலில் மேளம் கலந்த துள்ளல் இசை ஒன்று வந்தது. தமிழுக்கு எதை அழுத்த வேண்டும் என்று சொன்னது. மறுபடியும் இசை. கருமாதிப் பந்தலில் அத்தனை பேரும் அந்த இசையைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். சோற்றுக் கரண்டியோடு நின்ற சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"வணக்கம் ஐயனார் சார், கைவசத்திலேருந்து ஷர்லி பேசுறேன். உங்க நாள் எப்படிப் போயிட்டிருக்கு?"

ஐயனார் குரலை உயர்த்தவில்லை.

"என் மவன் செத்துட்டான்மா. ஒரே மவன். பொட்டி கொண்டாந்து வச்சாங்க, எடுத்தாங்க. மறுபடி எப்ப வரட்டும்னு எனக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு. தள்ளுபடி தாரேன்னு போட்டிருக்கு. அத யாரும்மா எழுதினது?"

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பெண்ணும் யார் பெற்ற பிள்ளையோ, மூச்சை இழுத்து விட்டதுகூடக் கேட்டது. அப்புறம் குரல் பழையபடி இனிமையாகிவிட்டது.

"உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு நிறுவனத்தின் சார்பா வருந்துறேன் சார். இதுக்கு ஈடா உங்க தள்ளுபடிய ஆறு மாசத்துக்கு நீட்டிச்சுக் குடுத்திருக்கேன். குடும்பத்துல யார் வேணும்னாலும் பயன்படுத்திக்கலாம். வேற ஏதாவது உதவி வேணுங்களா சார்?"

பெண்கள் பக்கம் ஒருத்தி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்தாள். இனிய நாளாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டு அந்தக் குரல் போய்விட்டது. கையோடு போனில் ஒரு செய்தி விழுந்தது. ஷர்லியின் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தது.

ஐயனார் போனை நாற்காலியின் கைமேல் கவிழ்த்து வைத்தார். எழுந்தார். வண்டி நின்ற இடம்வரை நடந்து போய்க் கதவைத் திறந்தார்.

"எறங்கு மச்சான்" என்றார். "ஒன்னயப் போயி நெனச்சுட்டேன்."

செம்மல் இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு ஒரு சாவு வீட்டில் அவன் அழுதது அன்றைக்குத்தான். ஐயனார் தம்பியைக் கூப்பிட்டு இரண்டு எலை போடச் சொன்னார். எலையில் சோறும் சாம்பாரும் வாழைக்காய்ப் பொரியலும் விழுந்தன. ஊரார் நாலைந்து பேர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் சோறு இறங்கவில்லை. இருந்தாலும் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

அப்போது உண்ணாமலை வெளியே வந்தாள். மகன் போனதிலிருந்து வாய் திறக்காதவள் என்று சொன்னார்கள். கவிழ்த்து வைத்திருந்த போனை எடுத்துக்கொண்டு நேராக ரஞ்சிதாவின் எலைக்கு முன்னால் வந்து குந்தினாள்.

"அந்தப் புள்ளைய வைய வேணாம். அதுக்குச் சொல்லிக் குடுத்தத அது ஒப்பிக்குது. அந்தக் கம்பெனிக்கு மொதலாளின்னு ஒருத்தன் இருப்பான்ல? அவனுக்கும் புள்ள குட்டி இருக்கும்ல? அவன் நம்பரப் போட்டுக் குடு. நான் பேசணும்."

ரஞ்சிதாவின் கை சோற்றிலேயே நின்றது.

"இல்லையே மதினி. நம்ம எல்லார் நம்பரும் அவன்கிட்ட இருக்கு. அவன் நம்பரு நம்ம யார்கிட்டயும் இல்ல."

"தேடிப் பாருத்தா. அதுல தேடுனா எல்லாம் கெடைக்கும்னுதான சொல்றீங்க?" என்றாள் உண்ணாமலை, போனை நீட்டிய கையை மடக்காமலே.

ரஞ்சிதா எச்சில் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். என்னவென்று தட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.